கிரேக்க நகரமான தெசலோனிகியில் வழிகாட்டிய அந்த அம்மாவுக்கு நன்றி

மேட்டுப் பகுதியான மேல்நகரில், ஓசியோஸ் தாவித் என்ற பழைய கிறிஸ்தவக் கோயில் வாசலில் நின்று வழி சொன்ன அம்மாவுக்கு, பெயர் தெரியாவிட்டாலும், மனமார்ந்த நன்றி.

“பஸ்ஸில் மேலே ஏறிவிடுங்கள், நடந்து இறங்குங்கள். கோயில்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்” என்றார். பொன்னான யோசனை! கீழிருந்து தொடங்குபவர்கள் செங்குத்தான சந்துகளில் களைத்து மேலே வருவதற்குள் சின்னக் கோயில்கள் பூட்டப்பட்டுவிடும்.

உள்ளே பிளாஷ் போடாமல், சற்றுப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். நேரே வெளிச்சம் அடித்தால் மொசைக் ஓவியத்தின் வண்ணச் சில்லுகள் பளிச்சிட்டு உருவமே மறைந்துவிடும். ஒதுங்கி நின்றால் வானவில்மேல் அமர்ந்த தாடியில்லாத இயேசு, காலடியில் ஆறுகள், நீரில் மீன்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. நகரிலேயே முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

புனித திமித்ரியோஸ் பேராலயம் 1917 தீவிபத்துக்குப் பின் திரும்பக் கட்டப்பட்டது. தப்பிய பழைய மொசைக்குகள் பலிபீடத்தருகே தூண்களில் உள்ளன. நிலவறையையும் விட்டுவிடக் கூடாது. கடைசியாக ரொட்டுண்டா என்ற பழங்கால வட்டக் கட்டடம்: குவிமாடம் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம், பைனாகுலர் இல்லாமல் அங்குள்ள புனிதர்களின் முகம் பிடிபடாது.

அம்மா, நீங்கள் சொன்ன வரிசையைத்தான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறோம்.