பட்டன் இல்லாத சட்டைகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஆண்டவரின் பெயரால் வாழ்த்துகள். இந்த ஆண்டின் நன்கொடைப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு சம்பவம்.

சென்ற திங்கட்கிழமை காலை வழிபாட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜெபம் செய்தது. நல்ல கணீர்க் குரல். "ஆண்டவரே, எங்களுக்கு வீடு தந்தீர், நன்றி. சாப்பாடு தந்தீர், நன்றி. எங்களை ஏழைகளாகப் படைக்காமல் இருந்ததற்கு நன்றி." எல்லோரும் ஆமென் சொன்னோம், நானும்தான். சொல்லி முடித்த பிறகுதான் மூன்றாவது வரிசையில் நின்ற இன்னொரு பிள்ளையின் மேல் என் கண் போனது. அந்த வீட்டின் நிலைமை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையும் கண்ணை மூடி, கைகூப்பி, ஆமென் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தது.

ஜெபம் செய்த பிள்ளையை நான் ஒன்றும் சொல்லவில்லை. அது மனதாரத்தான் சொன்னது. அந்த வரியை எங்கே கற்றிருக்கும் என்று யோசித்தால் நம் வீடுகளும் இந்தப் பள்ளியும்தான் நினைவுக்கு வருகின்றன. தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "எத்தனை பேர் சோறில்லாமல் கிடக்கிறார்கள் தெரியுமா, ஒழுங்காகச் சாப்பிடு." பிள்ளையும் கஷ்டப்பட்டு விழுங்கிவிடுகிறது. அதனால் பசித்தவன் வயிற்றில் ஒரு பருக்கையும் போய்ச் சேரவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு பாடம் பதிந்துவிடுகிறது: ஏழை என்பவர் நம்முடைய சாப்பாட்டுக்கு ருசி கூட்ட இருப்பவர். நானே என் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அன்று மாலை லூக்கா நற்செய்தியை எடுத்து உட்கார்ந்தேன். 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளிகள் வருகிறார்கள். குணமானதும் ஒருவன் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்து நன்றி சொல்கிறான். அவன் சமாரியன், அதாவது அந்தக் காலத்து யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவன். மற்ற ஒன்பது பேரும் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆசாரியரிடம், அதாவது யூதக் குருவிடம், போய்க் காட்டுங்கள் என்று இயேசு சொன்னார், போனார்கள். சொன்னதைச் செய்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினால் 18ஆம் அதிகாரத்தில் இன்னொருவன் நன்றி சொல்கிறான். வாரம் இரண்டு முறை உபவாசம் இருந்து, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற பரிசேயன், அதாவது மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினன். மற்றவர்களைப் போலவும், அதோ நிற்கிற வரி வசூலிப்பவனைப் போலவும் நான் இல்லாததற்காக உமக்கு நன்றி என்கிறான். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். நற்கருணை வழிபாட்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் யூக்கரிஸ்ட் என்ற பெயரும் அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். சொல் ஒன்றாக இருந்தும், ஒருவனுடைய நன்றி ஏற்கப்பட்டது, மற்றவனுடையது ஏற்கப்படவில்லை. சமாரியன் தன்னோடு நடந்து வந்த ஒன்பது பேரோடு தன்னை ஒப்பிடவே இல்லை. பரிசேயன் ஒப்பிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

எங்கள் திங்கட்கிழமை ஜெபம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 'நன்றி மறப்பது நன்றன்று' என்று வள்ளுவர் எழுதியபோது 'நன்றி' என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. வாயால் சொல்கிற 'தேங்க்ஸ்' அல்ல. அந்த நன்மையை யார் செய்தார் என்பதை மறந்துவிட்டு வெறும் சொல்லை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். அதனால் இந்த மாதம் எல்லா வகுப்புகளிலும் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறோம். கடவுள் தந்தார் என்று பிள்ளைகள் எழுதுகிற ஒவ்வொன்றும் யார் கை வழியாக வந்தது என்பதையும் எழுத வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தது என்றால் மோட்டார் போட்டது யார், தொட்டியைக் கழுவியது யார்? சாதாரணத் தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சொன்ன 2022ஆம் ஆண்டுக் கணக்கில், பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் கிடைக்காதவர்கள் சுமார் 220 கோடிப் பேர். இந்த எண்ணையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்பாடா, நாம் அதில் இல்லை" என்று பெருமூச்சு விடுவதற்காகச் சொல்லவில்லை. "அவர்களுக்கு ஏன் வருவதில்லை?" என்று ஒரு பிள்ளையாவது கேட்குமா என்று பார்த்தோம். ஐந்தாம் வகுப்பில் ஒன்று கேட்டது. ஆசிரியருக்கு அன்று பாடம் நடத்த முடியவில்லை.

இந்த வேலையில் முதலில் மாட்டிக்கொண்டது நான்தான். "ராத்திரி நம் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறவர் பேர் என்ன?" என்று ஒரு பிள்ளை வந்து கேட்டது. எட்டு வருஷமாக அவரை 'வாட்ச்மேன்' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். சம்பளப் பட்டியலில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறேன், பெயர் அதில் இருக்கிறது, ஆனால் கேட்ட அந்த நொடியில் வாயில் வரவில்லை. இப்போது தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போன ஆண்டு நாம் வைத்த நன்கொடைப் பெட்டியில் வந்தவற்றைப் பிரித்து அடுக்க எங்கள் ஆயாம்மா இருவரும் நானும் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். பட்டன் இல்லாத சட்டைகள் வந்திருந்தன. ஜிப் ஓடாத பைகள், ஒரு கால் மட்டும் உள்ள காலணி, எல்லாப் பக்கத்திலும் வண்ணம் தீட்டி முடித்த வண்ணம் தீட்டும் புத்தகம். சக்கரம் இல்லாத கார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆயாம்மா, "இதை வைத்து அந்தப் பிள்ளை என்ன சார் பண்ணும், தள்ளிக்கொண்டே போகுமா?" என்று கேட்டார். சிரித்தோம். அப்புறம் சிரிக்க முடியவில்லை. அடியில் ஒரு பை இருந்தது. அதில் ஒரே ஒரு சட்டை, பழையதுதான். ஆனால் துவைத்து, தேய்த்து, மடித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிற நூலால் தைத்திருந்தது. வாங்கப்போகிற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கும் என்பதை யாரோ யோசித்திருக்கிறார்கள்.

வேதாகமத்தின் உபாகமம் நூலில் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. அறுவடை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு வயலில் ஒரு கதிர்க்கட்டை மறந்து விட்டுவிட்டது ஞாபகம் வந்தால், அதை எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. ஏன் என்றால், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள். வாங்குகிறவர் யாரையும் கும்பிட வேண்டியதில்லை, வயலுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம், அது அவருடையது. கதிர் பொறுக்க வந்த விதவையான ரூத்தின் கதையில், வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அவளுக்காக அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போட்டுவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவைக்கிறார். பொறுக்குகிறவள் வெட்கப்படாமல் பொறுக்க வேண்டும் என்கிற அக்கறை அது. எனக்கு வேதாகமத்தில் மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

அதனால் இந்த ஆண்டு முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். பெட்டி வராந்தாவில் இருக்காது, நூலகத்துக்குள் இருக்கும். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுத மாட்டோம். மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பதும் படம் எடுப்பதும் கிடையாது. போன ஆண்டு எடுத்தோம், அது என் தவறு, அந்தப் படங்களை நீக்கிவிட்டோம். யாருக்கு எது போகிறது என்பது இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே தெரியும். ஆதித் திருச்சபையிலேயே அன்றாடப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்து, அதைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். நமக்கு இப்போதைக்கு இருவர் போதும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இது கொடுக்கிற ஆண்டு அல்ல என்பதும் எனக்குத் தெரியும். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாராவது படுத்திருக்கலாம். தயவுசெய்து பிள்ளையிடம் எதையாவது கட்டாயப்படுத்திக் கொடுத்து அனுப்பாதீர்கள். தேவை இருந்தால் வகுப்பாசிரியர் வழியாக வர வேண்டியதில்லை. பள்ளி முடிந்து அரைமணி நேரம் வரை என் அறைக் கதவு திறந்தே இருக்கும். உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எதற்கு வந்தீர்கள் என்று வெளியே யாரும் கேட்க மாட்டார்கள், கட்டணம் பற்றிப் பேசவும் எல்லோரும் அந்த அறைக்குத்தானே வருகிறோம்.

பொருட்களை வரும் வெள்ளிக்கிழமை வரை கொண்டுவரலாம். பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைத் தானாகவே எடுத்து வைத்தால் தடுக்காதீர்கள், இரண்டு நாள் கழித்து அழுதாலும் பரவாயில்லை. நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் நமக்கு வேண்டாததுதான் பைக்குள் போகும். சட்டை என்றால் பையில் போடும் முன் பட்டன்களை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஊசியும் நூலும் நூலக மேசையிலும் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்