குட்டன் சுகம்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. கருங்கல் ஊரில் வீட்டுப் பணி முடிந்ததும் எங்கள் குட்டனைப் போலவே ஒரு கிரேட் டேன் நாய் வாங்கப் போகிறேன் என்கிறாய். எவ்வளவு தின்னும் என்றுதான் எல்லாரையும் போல நீயும் முதலில் கேட்டிருக்கிறாய். அறுபது கிலோவுக்கு மேல் இருக்கிறான், கொஞ்சமாகவா தின்பான்? அது பணத்தோடு போகும் காரியம்.

போன திருவோணத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். மிஞ்சிய சோற்றையெல்லாம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தின்ற கையோடு எங்கள் விளை, அந்த ரப்பர் தோட்டம் முழுக்க ஓட்டம். ராத்திரி வாந்தியெடுக்கப் பார்க்கிறான், ஒன்றும் வரவில்லை. வயிறு மத்தளம் மாதிரி. படுக்கிறான், எழுகிறான். இந்த இனத்துக்கு இரைப்பையில் காற்று நிறைந்து, இரைப்பையே முறுக்கிக்கொள்வதுண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆனால் அவனை யார் தூக்குவது? தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்ட வந்த இரண்டு பேர்தான் போர்வையில் கிடத்தித் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்து, இனி முறுக்காதபடி இரைப்பையை வயிற்றின் உள்சுவரோடு தைத்துவிட்டார்கள்.

இப்போது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். தின்றபின் ஒரு மணி நேரம் கட்டிப் போட்டுவிடுவோம். உயரமான நாய்க்கு மேடையில்தான் தட்டு வைக்கணும் என்று உனக்கும் யாராவது சொல்வார்கள், நம்பாதே. அது ஆபத்தைக் கூட்டலாம் என்று டாக்டர் தரையில் வைக்கச் சொன்னார்.

குட்டியாக வாங்கினால் எலும்பு உறுதியாகட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றாதே. கூடினால் எலும்பு கோணிப்போகும். பெரிய இனக் குட்டிக்கென்று தனித் தீனி இருக்கிறது. ஒன்றரை வயது வரை மாடிப்படி ஏற்றி இறக்காதே. வெயில் காலத்தில் நடை விடியற்காலையில்தான். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. விளையில் உண்ணி ஒழியாது. தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார். ரப்பர் பால் உறைய விடும் ஆசிட்டை எட்டாத இடத்தில் பூட்டி வை.

பிள்ளைகளைக் கடிக்குமா என்றும் கேட்டிருந்தாய். குட்டன் கடிக்கமாட்டான். வாலால் அடித்தே சின்னவளைக் கவிழ்த்துவிடுவான்.

நீ கேட்காதது ஒன்று. இந்த இனத்துக்கு ஆயுசு ஏழிலிருந்து பத்து வருஷம். குட்டனுக்கு ஆறு முடிந்துவிட்டது, முகவாய் நரைத்துவிட்டது. சின்னவள் அதற்கு மஞ்சள் தேய்க்கிறாள், கறுப்பாகிவிடுமாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வாரம் இங்கே குலசேகரத்தில் வந்து தங்கு. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் உண்டு. வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம், முதல் நாளே எச்சில் ஒழுக்கித் துடைத்துவிடுவான்.

உன்,
சுந்தர்