அத்தானுக்கு: சுவரொட்டியில் இருப்பது மாமாவின் கையெழுத்து அன்று

அன்புள்ள அத்தானுக்கு,

முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டியின் மாதிரியை அச்சகத்துக்காரர் நேற்று மாலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மாமாவின் படத்துக்குக் கீழே, நீங்கள் அனுப்பிய அந்த ஒற்றை வரி பெரிதாக்கி வைக்கப்பட்டிருக்கிறது: "காலை 6 மணி. மட்டம் 4 அடி 3 அங்குலம். மழை இல்லை. ஆஜர்." எண்ணுக்கு மேலே இருந்த கிறுக்கலை நீங்கள் சொன்னபடியே துடைத்து எடுத்துவிட்டதாகவும், இப்போது எழுத்து பளிச்சென்று தெரிவதாகவும் அவர் பெருமையாகச் சொன்னார். வியாழக்கிழமை மாலை வரை அச்சடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை எழுதியது மாமா அல்ல, நான்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் 2022 பொங்கலுக்கு வந்தபோது அந்த வரியைப் படம் எடுத்து நம் பெட்டியின் இணையப் பக்கத்தில் ஏற்றியது நீங்கள். ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதும் விளையாட்டுக்காரர்கள், எங்கெங்கோ இருக்கும் அந்த ஜியோகேச்சிங்காரர்கள், அதைப் பார்த்து நெகிழ்ந்து எழுதியபோது, அந்தப் பாராட்டை எல்லாம் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது நான். பொய் நாலு பேர் பார்க்க நின்றது. திருத்தம் மட்டும் நம் இருவர் காதோடு முடிந்தால் அது சரியாக இராது. நம் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சிலவற்றை எழுதப் போவதில்லை. நீங்கள் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தீர்கள் என்பதைப் பற்றியும் எழுதப் போவதில்லை.

பெட்டியை எடுத்துவிட்டேன். பக்கத்தையும் முடக்கியாயிற்று. நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் அங்கே பெட்டி இருக்கக் கூடாது என்ற விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே. தோப்புக்கு முன்பணம் வாங்கிவிட்டீர்கள் என்ற செய்தி தரகர் வாயிலாக என் காதுக்கு வந்தது. விற்பது உங்கள் உரிமை. அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்தத் தோப்பில் என் பெயரில் ஒரு பெட்டி இருக்கிறது என்பது உங்கள் நினைவுக்கு வரவில்லை என்பதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2014-ஆம் ஆண்டு ஆவணியில் அதை வைத்த காலை உங்களுக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு மாமாவின் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. அப்போது ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது என்பதே மறந்து போயிருந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒரு முறைகூட அந்தத் தேதி வாய்க்கவில்லை. அந்த ஆண்டும் ஆவணியில்தான் புதாற்றில் தண்ணீர் வந்தது. மதகைப் பார்த்துக்கொண்டு பதிவேடு எழுதும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாமா விடியற்காலையில் மதகடிக்குப் போய், அளவுகோலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, பழைய டைரியில் குறித்துக்கொள்ளாமல் காப்பி குடித்ததில்லை. அன்றும் அளந்துவிட்டு நேரே தோப்புக்கு வந்தார். கைலியின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

நீங்கள் ஒரு வாத்தியாரைப் போல அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினீர்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியதையும், மறுநாளே ஒருவர் ஆரிகான் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்து அதன் ஆயத்தொலைகளை உலகத்துக்கு அறிவித்ததையும், வாளிக்குள் இருந்த சாமான்களில் ஒரு டப்பா பீன்ஸும் அடக்கம் என்பதையும் சொன்னீர்கள். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த பீன்ஸை யாரு தின்னா?" என்றார். இந்த மண்ணுக்கும் அளவைக்கும் உறவு உண்டு என்று காட்ட நீங்கள் அந்தக் காலத்து ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டனைப் பேச்சில் கொண்டுவந்தீர்கள். குன்றே இல்லாத இந்தச் சமவெளியில் அவர் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை வைத்து அளந்தார் என்றும், 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது என்றும் சொன்னீர்கள். மாமா அதற்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கயித்தைப் பாத்துக் கட்டுனவன் யாரு?"

161 மீட்டருக்குள் வேறொரு பெட்டி இருக்கக் கூடாது என்று நீங்கள் விதியைப் படித்தபோது, ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொரு கிறுக்கன் கிடைக்க மாட்டான் என்று சிரித்தார். மண்ணுக்குள் பானையில் புதைத்துவிடலாமே என்றார். தோண்டக் கூடாது என்றீர்கள். மரத்தில் ஆணி அடித்து மாட்டலாமே என்றார். அதுவும் கூடாது என்றீர்கள். மதகுச் சுவரின் பொந்தில் வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. சர்க்கார் சொத்தில் நம் டப்பா எதற்கு என்று சொல்லி, தோப்பின் வடவெல்லையில் நின்ற இலுப்பையின் பொந்தை அவரே காட்டினார். உங்கள் கைபேசி காட்டிய புள்ளியோ ஆற்றின் நடுவில் விழுந்தது. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளிப்போகும் என்று சொல்லி, நீங்கள் மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, எண்களை மீண்டும் மீண்டும் எடுத்துச் சராசரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் மாமா மதகிலிருந்து மரம் வரை எட்டு வைத்து எண்ணி, என்னிடம் கணக்கைச் சொல்லிவிட்டார். அந்த எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை. தோப்பு இனி வேறொருவருடையது.

பிறகு குறிப்பேட்டை நீட்டி, பெயரும் தேதியும் போதும், பென்சிலில் எழுதுங்கள், மை தண்ணீரில் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் படம் பிடிக்கத் திரும்பினீர்கள். மாமா பென்சிலை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டில் யாராவது பென்சிலில் எழுதுவார்களா என்று தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார். நாற்பது ஆண்டு பதிவேடு எழுதிய மனிதரை, நேற்று வந்த ஒரு விளையாட்டின் விதியைச் சொல்லித் திருத்த எனக்கு மனம் வரவில்லை. என் கைப்பையிலிருந்த மைப்பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் முழங்காலின் மேல் நோட்டை வைத்து, மதகுப் பதிவேட்டில் எழுதுவதைப் போலவே நேரம், மட்டம், மழை என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'ஆஜர்' என்று முடித்தார். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். எதனால் எழுதினார் என்று பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் பெட்டியைப் பராமரிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் பெயரில்தான் பதிய வேண்டும் என்பதால் என் பெயரில் பதிந்தீர்கள். பத்தே நாளில் விமானம் ஏறிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விட்டுப் போனது பெட்டியை மட்டுமா என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டு அடிக்கவும் மனம் இல்லை, இருக்கட்டும்.

ஒரு பெண் தனியாகக் காலை நேரத்தில் மரப்பொந்துக்குள் கை விட்டுத் துழாவினால் ஊர் என்ன கேட்கும் என்பதை நீங்கள் யோசித்ததுண்டா? பாம்புக்குப் பயப்படவில்லை, நாட்டு வைத்தியத்துக்கு வேர் தேடுகிறாயா, வேறு ஏதாவதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லித்தான் களைத்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் காலைகள் எனக்குப் பிடித்திருந்தன. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய கோயிலைப் பார்க்க வந்தவர்கள், ஒரு பெட்டிக்காக இத்தனை தூரம் உள்ளே வந்து, புதாற்றுக் கரையில் நின்று காற்று வாங்கிவிட்டு இரண்டு வரி எழுதிப் போயிருப்பார்கள். அதைப் படிக்கும்போது நம் ஊருக்கு யாரோ பெண் பார்க்க வந்து திருப்தியோடு போன மாதிரி இருக்கும்.

2017-இல் இரண்டு இளைஞர்கள் மாட்டிக்கொண்டதை உங்களுக்குச் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தேன். நெடுவாசல் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். கைபேசியைப் பார்த்துக்கொண்டே வயல் வரப்பில் நடந்து, ஓரிடத்தில் நின்று தரையை உற்றுப் பார்ப்பவர்களை இந்தப் பக்கத்தில் அப்போது யார்தான் சும்மா விடுவார்கள்? எரிவாயுவுக்கு அளக்க வந்தவர்கள் என்று சொல்லி இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். பையன்கள் ஆயத்தொலை, செயற்கைக்கோள் என்று விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. மாமா வண்டியை நிறுத்தி, "எண்ணெய் தேட வரலைப்பா, டப்பா தேட வந்திருக்காங்க. வச்சது நாங்கதான்" என்று பெட்டியை எடுத்துத் திறந்து காட்டி, நோட்டில் தம் வரியைப் படித்தும் காட்டினார். கூட்டத்தில் ஒருவர், அன்றைக்கு அவ்வளவு தண்ணீரா வந்தது என்று வியந்தார். பேச்சு அப்படியே காவிரி நீருக்குப் போய், பையன்கள் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வரி அன்று ஆதாரமாக நின்றது.

2018 நவம்பர் 16-இல் அடித்த கஜா புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். தோப்பில் சாயாமல் மிஞ்சி நின்ற தென்னை 11. இலுப்பை வேரோடு சாய்ந்திருந்தது. மின்சாரம் இல்லாமல், பக்கத்துத் தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் போட்டபோது கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினேன். உங்கள் செய்தி வந்திருந்தது. நலமா என்று கேட்டிருந்தீர்கள், மறுக்கவில்லை; ஆனால் அடுத்த வரியே "பெட்டி இருக்கிறதா?" என்பது. தென்னையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. திண்ணையில் மாமா பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "இருக்கிறது" என்று பதில் போட்டுவிட்டேன். பொய் அங்கே தொடங்கியது. கோபத்தில் தொடங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் சேற்றில் பெட்டி கிடைத்தது. மூடி விரிசல் விட்டிருந்தது. குறிப்பேட்டை முறத்தில் வைத்து வெயிலில் உலர்த்தி, ஒட்டிய தாள்களை ஊசியால் பிரித்தேன். பென்சிலில் எழுதிய ஒவ்வொரு பெயரும் அப்படியே இருந்தது. பெங்களூர்க் குழந்தை ஒன்று வரைந்த மீன் கூட இருந்தது. முதல் பக்கத்தில் மட்டும் வெளிர் நீலமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நீங்கள் சொன்னதை மீறிப் பேனாவைக் கொடுத்தது நான். அதனால்தான் உங்களிடம் சொல்லும் துணிவு வரவில்லை. புதுப் பெட்டி வாங்கி, புது நோட்டின் முதல் வரியில், மாமாவின் சாய்வெழுத்தைப் போலவே, பென்சிலால் அந்த வரியை நினைவிலிருந்து எழுதி, பக்கத்துச் சுவரோரம் கல்லடுக்கில் வைத்தேன். பழைய நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

2022-இல் நீங்கள் அதைக் கையில் எடுத்து, "அப்பா கையெழுத்து அப்படியே இருக்கு" என்று சொல்லி விரலால் தடவினீர்கள். உங்கள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. அந்த நொடியில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இன்னொன்றும் அதே நொடியில் தோன்றியது: நோட்டு புதிது என்பது தெரியவில்லையா? 'இல்லை' என்பதில் இருக்கும் 'லை' தெரியவில்லையா? 1978-இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. மாமா கடைசி வரை துதிக்கை வைத்த பழைய 'லை'யைத்தான் போட்டார், உங்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும். நான் பள்ளியில் படித்த 'லை'யைப் போட்டிருந்தேன். எத்தனை கடிதங்கள் வந்திருக்கும் உங்களுக்கு! மாமாவும் அப்போது நம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல், சாய்ந்த தென்னையின் இடத்தில் நட்ட கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியும், அத்தான். 2019-இல் ஒரு நாள் நான் பெட்டியைப் பார்க்கப் போனபோது கூடவே வந்தார். நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "மட்டம் தப்பு பாப்பா" என்று மட்டும் சொல்லி, நோட்டோடு வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து 2014 டைரியை எடுத்துத் தேதியைத் தேடினார். 3 அடி 9 அங்குலம். பென்சிலைக் கேட்டு வாங்கி, என்னுடைய 4-ஐயும் 3-ஐயும் ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியான மட்டத்தை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

நீங்கள் துடைக்கச் சொன்ன கிறுக்கல் அதுதான். துடைக்காத பழைய படத்தை வியாழக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அடித்த கோடு, அதன் மேலே உள்ள எண், பக்கத்தில் இருக்கும் இரண்டெழுத்து, இவை மட்டும் இருக்கட்டும். மீதியை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமன் மகள்