கும்பகோணத்துத் தோழிக்குத் தில்லியிலிருந்து

ராமகிருஷ்ணபுரம், புது தில்லி
மார்கழி 12

அன்புள்ள தோழிக்கு,

இரவில் முழங்காலுக்குக் கீழே அரிப்பெடுத்துத் தூக்கம் கெடுகிறது என்றும், கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திப் பார்த்தும் குறையவில்லை என்றும் எழுதியிருந்தாய். சென்ற குளிர்காலத்தில் நானும் கத்தரிக்காயின்மேல்தான் பழி போட்டேன், காரணம் தோல் வறட்சி என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே கீசரைப் போட்டு, ஆவி பறக்க வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, பீர்க்கங்காய் நாரால் சோப்பு நுரைக்கத் தேய்த்தால்தான் எனக்குக் குளித்ததாகவே தோன்றும். அறையில் இரவெல்லாம் ஹீட்டர் வேறு. காலையில் கறுப்புக் காலுறையைக் கழற்றினால் உள்ளே தவிடு கொட்டியதுபோல் வெள்ளைச் செதில் ஒட்டியிருக்கும். இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திர் படிகளில் வெறுங்காலோடு ஏறும்போது குதிகால் வெடிப்பு சுளீரென்று இழுத்த பிறகே தோல் மருத்துவரிடம் போனேன். வயதாக ஆகத் தோலின் எண்ணெய்ச் சுரப்பும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பும் குறைந்துவிடுகின்றன என்றும், இயல்பில் சற்றே அமிலத்தன்மை கொண்ட தோலின்மேல் காரத்தன்மை மிகுந்த கட்டிச் சோப்பைத் தேய்க்கும்போது மிச்சமிருப்பதும் வெந்நீரோடு போய்விடுகிறது என்றும் அவர் விளக்கினார்.

இப்போது வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளியலை முடித்துவிடுகிறேன். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் மட்டுமே. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசலினையும், குதிகாலுக்கு மட்டும் 10 சதவீத யூரியா களிம்பையும் தடவுகிறேன். உனக்குத் தேங்காயெண்ணெயே போதும். இங்கே அது புட்டியில் கல்லாக உறைந்துகிடக்கிறது. எதைத் தடவினாலும் கட்டிலில் உட்கார்ந்தே தடவு, தரை வழுக்கும். இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், தைராய்டு எல்லாவற்றையும் பரிசோதித்துவிடு. அரிப்புக்கு அவையும் காரணமாகலாம்.

வறட்சியைவிட எனக்கு வியப்பளிப்பது தோலின் மெலிவுதான். வளையல் அழுந்திய இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டு விழுகிறது, இடித்துக்கொண்ட நினைவே இருப்பதில்லை. போன மாதம் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை, பழைய அவசரத்தில், வெடுக்கென்று இழுத்தேன். தோலும் கூடவே வந்துவிட்டது. ஆறுவதற்கு மூன்று வாரமாயிற்று. இப்போது எண்ணெய் தொட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கிறேன்.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாயே, வழக்கம்போல் நலங்குமாவு கொண்டுவருவாய் என்று தெரியும். இந்த முறை இரண்டு தடவை சலித்துக் கொண்டுவா. கரகரப்பாக அரைத்ததை என் கை இப்போது தாங்குவதில்லை.

உன் அன்புத் தோழி