செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை வழக்கம்போல ஷெட்டில் நடந்தது. பொங்கலன்று அல்சூர் ஏரியைச் சுற்றி ஏழு பழைய வண்டிகள் ஊர்வலம் போயின. கார்பரேட்டர் வகுப்பு இரண்டு முறை நடந்தது. செயற்குழு ஐந்து முறை கூடியது, அதில் மூன்று முறை கோரம் இல்லை.

மீதி ஆண்டு முழுவதும் நம் பழைய மாருதி எஸ்டீம் காருக்கு வேறொரு காரின் எஞ்சினைப் பொருத்துவதிலேயே போயிற்று. அதைப் பற்றி என் காதுபடவும் படாமலும் நிறையப் பேச்சு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் குறை: “மாருதி பலேனோ ஆர்எஸ் காரின் பூஸ்டர்ஜெட் எஞ்சின் கைக்கு வந்தது, 102 குதிரைத்திறன். அதை விட்டுவிட்டு டாடா ஜெஸ்ட் காரின் 90 குதிரைத்திறன் ரெவோட்ரானை ஏன் வாங்கினார்?” எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசியூவை மனதில் வைத்துத்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன். பூஸ்டர்ஜெட்டில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரைச் சட்டென்று திறக்க பேட்டரியின் 12 வோல்ட் போதாது. ஈசியூ அதை அறுபது வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்க வேண்டும். உயர் அழுத்த பம்பையும் அதுவே நேரம் பார்த்து இயக்க வேண்டும். தனியாக விற்கும் ஈசியூக்களில் இதெல்லாம் செய்பவை குறைவு, விலையும் நமக்குக் கட்டாது. ரெவோட்ரானும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போதான், ஆனால் சிலிண்டருக்கு வெளியே காற்று வரும் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்டர். 12 குதிரைத்திறன் போனால் போகட்டும், வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் அல்லவா?

அடுத்த குறை, கம்பெனி ஈசியூவையே வைத்திருக்கலாமே என்பது. நாம் எஞ்சின் எடுத்தது விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து. அதன் சாவி இல்லை, மீட்டர் கன்சோல் இல்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இவற்றைத் தேடும், கிடைக்காவிட்டால் எஞ்சினை ஓட விடாது. நம் பெங்களூரிலேயே தயாராகும் பவர்ட்ரானிக் போன்ற, ஈசியூவின் சிக்னலை இடையில் மாற்றும் பிக்கிபேக் பெட்டிக்கும் கீழே ஒழுங்காக ஓடும் ஒரு ஈசியூ வேண்டும்.

தம்பி ஒருவர் ஸ்பீடுயினோ என்ற, நாமே செய்துகொள்ளும் ஈசியூ பலகையைத் தன் கையாலேயே சாலிடர் செய்து கொண்டுவந்தார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது, காற்றை உள்ளே விடும் த்ராட்டிலை மோட்டார்தான் திறக்கிறது. அதை ஸ்பீடுயினோ நேராக இயக்காது. தனிப் பெட்டி ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்றலாம் என்றார்கள். த்ராட்டில் திறந்தபடி நின்றுவிட்டால் ஓட்டுகிறவர் உயிர் என்ன ஆவது? அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எலக்ட்ரானிக் த்ராட்டில், எஞ்சின் தட்டலை உணரும் நாக் சென்சார் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும் நியூசிலாந்து லிங்க் ஈசியூ வாங்கினோம். சுங்கவரியோடு ஒரு லட்சத்தைத் தாண்டியது உண்மை.

வயரிங்குக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர், ஷெட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். 3,000 ஆர்பிஎம் தாண்டினால் எஞ்சின் திணறியது. இன்ஜெக்டர், காயில், பம்ப் என்று நான்கு ஞாயிறுகள் போயின. கடைசியில் பார்த்தால் எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாருக்கு நாங்கள் இழுத்திருந்தது சாதா ஒயர். இக்னிஷன் காயிலின் மின் இரைச்சல் அதில் ஏறி, ஈசியூ கிராங்க் சக்கரத்தின் பல் எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கிறது. உலோக உறை போட்ட ஷீல்டு ஒயர் இழுத்து, ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்த பிறகு எஞ்சின் சீராக மேலேறியது. அன்று ஷெட்டில் இருந்த நான்கு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. மற்றவர்களும் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவுதான், ஆனால் வெளிக்கடன் இல்லை. ஒரு பகுதியை நான் முன்பணமாகப் போட்டிருக்கிறேன், வசதிப்படும்போது சங்கம் கொடுத்தால் போதும். 46 உறுப்பினர்களில் 19 பேர் ஆண்டுச் சந்தா கட்டவில்லை. வண்டியை எப்போது ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டவர்களில் ஆறு பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை.

ஷெட் கொடுத்த வீட்டுக்காரருக்கும், கடனுக்குச் சாமான் தந்த ஜே.சி. ரோடு கடைக்காரர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எஸ்டீமைச் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று: நம் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவு. சென்னைப் பக்கம் 101. இங்கே சரிபார்த்த பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), இக்னிஷன் அளவுகளை அங்கே அப்படியே நம்ப முடியாது. டிராக்கில் இறங்கும் முன் அங்கேயே ஒரு நாள் டியூனிங் வேண்டும், பெட்ரோல்–காற்று விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வேண்டும். அதுவரை டர்போவை அதன் அடிப்படை பூஸ்ட்டுக்கு மேல் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் ஈசியூவின் அளவுகள் உள்ள மேப் ஃபைல்களையும் வயரிங் படத்தையும் கையில் கொடுத்துவிடுவேன். இந்த வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஷெட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்குத் திறந்திருக்கும், சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்