தேய்ப்பதற்கு முன் பேரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பேர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் புளோக் கீழே நின்ற, பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரின் தள்ளுவண்டியில், பழைய பேப்பர் கட்டுக்கு மேல் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு படுத்துக் கிடந்தது. அடித்தட்டு தனி, தண்டு தனி, உச்சியில் இருக்க வேண்டிய அன்னத்தைக் காணோம். வீடு மாறிப் போகிறவர்கள் யாரோ எடைக்குப் போட்டார்களாம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தொழில் அது. எடைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். கதவைத் திறந்த என் மனைவி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னொண்ணா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அங் மோ கியோ வீட்டை விற்றுவிட்டு செங்காங்கில் நாலறை வீட்டுக்கு வந்தோம். பேரப்பிள்ளைகள் தங்குவதற்கு என்று ஓர் அறையை ஒதுக்கினோம், அவர்களோ ராத்திரி தங்குவதே இல்லை, அந்த அறை மெல்ல மெல்ல பழைய சாமான்களைச் சரிசெய்யும் என் பட்டறையாகிவிட்டது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜன்னலை ஒட்டி நாலடி மேசை, அதன் ஓரத்தில் ஒரு வைஸ், சுவரில் பலகை அடித்து மாட்டிய அரம், ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, அவ்வளவுதான். மேசைக் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் பாய். கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் ஒரு நாள் மேலே வந்து, கோபமே இல்லாமல், என்ன தட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார், மறுநாளே வாங்கிப் போட்டேன். வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) சொல்லும் நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. அதையே என் சுத்தியலுக்கும் சட்டமாக வைத்துக்கொண்டேன், ஆறு மணிக்கு மேல் உப்புத்தாள் மட்டும்தான்.

அப்புறம், சரிசெய்த சாமானை எங்கே வைப்பது? ஹால் பழைய சாமான் கடை மாதிரி ஆகக் கூடாது என்பது என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை. பெரிய உருளியை வாசலில் வைத்துப் பூ மிதக்க விடலாம் என்று பார்த்தேன், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்கிறார்கள், அளந்து பார்த்தால் உருளிக்கு இடமில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுக் காப்பறையான பாம் ஷெல்டரில் அலமாரி அடிக்கலாம் என்றால் அந்தச் சுவரை உடைக்கக் கூடாது, கதவை மாற்றக் கூடாது. ஒரு ரேக்கை உள்ளே நிறுத்தி வைத்தேன். அதுவும் சரிப்படவில்லை, காற்று ஓடாத இடத்தில் துணி சுற்றி வைத்த செம்புக் குடத்தில் நாலே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மூடி மறைத்து வைத்த சாமான்தான் முதலில் கெடுகிறது, ஏனென்றால் கெடுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

கடைசியில் ஹாலில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி என்று முடிவானது. அதிலும் ஒரு கூத்து. மேசைக்கு வாங்கிய ரப்பர் பாயில் மிச்சம் இருந்ததை வெட்டி, சாமான் வழுக்காமல் இருக்கட்டும் என்று தட்டுகளில் விரித்தேன். மூன்று மாதத்தில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கரி பூசினது போல் ஆகிவிட்டது, பித்தளைக் கூஜாவின் அடிப்பாகமும் கறுத்துப்போனது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம்தான் காரணமாம், மூடிய அலமாரிக்குள் அது வேலையைக் காட்டிவிடுகிறது. முப்பது வருஷம் இரும்போடு கிடந்தவனுக்கு இது தெரியவில்லை பாருங்கள். இப்போது வெளுக்காத காடாத்துணி விரித்து, மூலைக்கொரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்கிறேன்.

அலமாரியில் பெரிய விலைக்குப் போகும் பொருள் ஒன்றும் இல்லை. பாக்குவெட்டி, படி, உழக்கு, எனாமல் டிபன் கேரியர், ஜப்பான்காரன் காலத்து வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (டாலர்) நோட்டு, பிடில் வடிவப் பெட்டிக்குள் தாச்சிங் என்கிற சீனக் கைத்தராசு ஒன்று. அந்தத் தராசுக் கோலில் பதித்த புள்ளிகளை எண்ணி 16 தாஹில் ஒரு கட்டி என்று நிறுக்க வேண்டும், ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். என் பேரனுக்கு அலமாரியில் பிடித்தது அது ஒன்றுதான், அவன் கைப்பேசியை அதில் நிறுத்துப் பார்த்துவிட்டான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பாத்திரங்களில் பேர் வெட்டும் பழக்கம் உண்டே, அதைப் பற்றித்தான். கடையில் பாத்திரம் வாங்கினால் அங்கேயே ஒருவர் உட்கார்ந்து, சின்ன உளியால் டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாகப் பேரை வெட்டிக் கொடுப்பார். தலைப்பெழுத்து, ஊர், யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது, சிலதில் வருஷமும் இருக்கும். சீர்வரிசையில் பத்துக் குடம் கலந்து கிடந்தாலும் யாருடையது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்றைக்கு அந்தப் பாத்திரத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

எங்கள் அப்பாயி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தபோது கொண்டுவந்தது ஒரு பித்தளைத் தவலை. கழுத்துக்குக் கீழே பேர் வெட்டியிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அந்த எழுத்து ஏற்கெனவே பாதி மழுங்கியிருந்தது. பட்டறை போட்ட உற்சாகத்தில் நான் அதைப் புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எடுத்தால் தவலை ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, புளிப்பு அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகம் கரைந்துபோய் மேலே செம்பு மட்டும் நிற்கும். அத்தோடு விட்டேனா, நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று டிரில்லில் மெருகேற்றும் பஃபிங் வீலை மாட்டி ஓட்டினேன். தவலை கண்ணாடி மாதிரி மின்னியது, பேரைத்தான் காணவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் 'செ' என்கிற ஓர் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அப்பாயியின் கையெழுத்து என்று எங்களிடம் எதுவும் இல்லை, அவருக்கு எழுதத் தெரியாது, எங்கள் வீட்டில் அவர் பேர் எழுத்தில் இருந்தது அந்தத் தவலையில் மட்டும்தான்.

அதனால் வாசகர்களை ஒன்று கேட்கிறேன். வீடு மாறும்போதோ, பெரியவர்கள் போன பிறகு சாமான்களை ஒதுக்கும்போதோ, தேய்ப்பதற்கும் எடைக்குப் போடுவதற்கும் முன்னால் கழுத்தையும் அடியையும் ஒரு தடவை பாருங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், புள்ளிகள் தாளில் வந்துவிடும். அதைப் படம் பிடித்து, யாருடையது, எங்கிருந்து வந்தது, வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று நாலு வரி எழுதி அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவையுங்கள். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் இப்படிப்பட்ட பொருள்களைப் பார்க்கிறோம், பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லார் வீட்டுச் சொம்பும் அங்கே போக முடியாது. சொம்புகளில் பாதியாவது வீட்டில்தான் இருக்க வேண்டும், அதில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், பத்திரிகையில் உள்ளங்கையளவு இடம் ஒதுக்க முடியுமா? ஒரு வீட்டுப் பொருளின் படம், அதில் வெட்டியிருக்கும் பேர், வீட்டார் சொல்லும் நாலு வரி, அது போதும். பேராசிரியர்கள் எழுத வேண்டாம், அந்தந்த வீட்டு ஆட்களே எழுதட்டும்.

முதல் படத்தை நானே அனுப்புகிறேன். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது நினைவிருக்கும். அதற்கு முந்தின வாரம் அங்கே தரையில் விரித்திருந்த சாக்கிலிருந்து 15 வெள்ளிக்கு ஒரு பித்தளைச் சொம்பு வாங்கினேன். கழுத்தில் 'பா.வீ. தஞ்சம்பகார்' என்றும், அதற்குக் கீழே கொஞ்சம் கோணலாக 'ச.க. கல்யாணம்' என்றும் வெட்டியிருக்கிறது. எழுத்துப் பிழையோடு தஞ்சோங் பகாரைத்தான் அப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கம் குடியிருந்த தமிழர் யாராவதாக இருக்கும். இந்த எழுத்துகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுடையது என்றால் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், காசு எதுவும் வேண்டாம், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். இன்றுவரை அதில் புளி படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
செங்காங்