வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: குதிரைமசால் கட்டின் எடை பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குதிரைத் தீவனக் கடையில் விற்கும் காய்ந்த குதிரைமசாலில் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) நாங்கள் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறோம் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிலர் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள், நல்லது. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

20 கிலோவுக்கு வாங்கிய கட்டு பத்து நாள் கழித்து 19.3 கிலோ நின்றது உண்மைதான். ஈரம் இறங்கிய கணக்கு அது. கட்டில் ஈரம் 15 சதவீதம் என்றால், 20 கிலோவில் 17 கிலோ தீவனம், 3 கிலோ நீர். காற்றோட்டமான கொட்டகையில் ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கினால் தராசு 19.3 காட்டும். தீவனம் அதே 17 கிலோதான், ஒரு பிடி குறையவில்லை. அதே கட்டில் 2 லிட்டர் தண்ணீர் தெளித்தால் ஈரம் 22-ஐத் தாண்டும். சில நாளில் உள்ளே சூடேறும், வெள்ளைப் பூசணம் பூக்கும், பக்கத்துக் கட்டும் கெடும். சூடு மிஞ்சினால் அடுக்கே தானாகத் தீப்பிடிக்கும். 2 கிலோ காசுக்குக் குடோனையே கொளுத்திக்கொள்வோமா?

நீங்களே சோதிக்கலாம். கட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவிப் பொடியாக நறுக்கி, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு ஸ்பூன் உலர்ந்த தூள் உப்போடு போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் அதிகம். கட்டுக்குள் கைவிட்டால் சூடு, மக்கிய வாடை, உதறினால் புகை போலத் தூசி, இவற்றில் ஒன்று இருந்தாலும் குதிரைக்குப் போடாதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போன பூசணம் வயிற்றுவலியிலோ விடாத இருமலிலோதான் கொண்டுபோய் விடும்.

நிலக்கடலைக்கொடி விற்பதை நாங்கள் நிறுத்தியதிலும் சிலருக்கு வருத்தம். வேரோடு பிடுங்குவதால் அதில் மண் ஒட்டியே வருகிறது, அந்த மண் குடலில் தங்கிவிடுகிறது. குதிரை போட்ட லத்தியில் (சாணத்தில்) ஐந்தாறு உருண்டையை வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் கொடியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கோழித் தீவனம் அரைக்கும் மெஷினில் கொள்ளு உடைத்துத் தரமாட்டோம், மன்னிக்கவும். அந்த மெஷினில் ஒட்டியிருக்கக்கூடிய, கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழிப்பவை. கோழி தாங்கும் அளவு குதிரையைக் கொன்றுவிடும். கோழித் தீவனச் சாக்கில் கொள்ளு கொண்டுபோவதும் வேண்டாம்.

லாரி வாடகை ஏறியதால் 1-ஆம் தேதி முதல் கட்டுக்கு 40 ரூபாய் கூடுகிறது, ஞாயிறு வண்டி இராது.

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குக் கிளம்பும்போது முதல் கட்டை எங்களிடம் ஏற்றும் வீட்டார், ஊட்டியிலிருந்து மலையிறங்கி வந்து வாங்கும் சவாரிக் குதிரைக்காரர்கள், அந்தப் பதிவைக் கேட்டபிறகும் நேற்று வந்து எடுத்துப்போனவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் கடை திறக்கிறோம்.

புது லோடு வந்திருக்கிறது. பழைய தீவனத்தோடு கால் பங்கில் தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். பிரித்த கட்டில் பூசணம் தெரிந்தால் கயிற்றோடு அப்படியே கொண்டு வாருங்கள், வேறு கட்டு தருகிறோம்.